பேசக்கூடாது என்று மிஸ்ஸி சொன்னார்

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து எனக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். வாழையிலைச் சாப்பாடு, ஒரு பட்டுச் சால்வை, சுவரில் மாட்ட என் வீட்டில் இடமே இல்லாத அளவுக்குப் பெரிய கடிகாரம். எங்கள் பெண்கள் அமைதி அணியின் புதிய கைநூலையும் அன்றே வெளியிடுவதாக ஏற்பாடு. மூன்று மொழியில் அச்சிட்டு, வழவழப்பான தாள் போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இலை முன் உட்கார்ந்தபடியே பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். 'மௌன வரிசை: எங்கள் அணியை நிறுவிய தலைவி நீண்ட சிந்தனைக்கும் தியானத்துக்கும் பின் வகுத்தளித்த நெறி' என்று இருந்தது. குடித்துக்கொண்டிருந்த பாயசம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

அதை எழுதியவள் துர்கா. இனிமேல் என் நாற்காலியில் உட்காரப்போகிறவள். முகம் சுருங்கிப்போய் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"என்னக்கா, தப்பா போட்டுட்டோமா?"

"தப்புதாம்மா. ஆனா நீ பண்ண தப்பு இல்ல. நான் பண்ணது."

விஷயத்தை இரண்டு வரியில் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா, பிளீஸ், இத மட்டும் மேடையில பேசிடாதீங்க லா. ஐந்நூறு காப்பி அடிச்சாச்சு. நீங்க பொறுமையா எழுதிக் குடுங்க, அடுத்த பதிப்புல சேத்துக்கறேன்." சரி என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மேடையில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த அணியில் இருபத்தாறு வருஷம் முழுநேர ஊழியராக இருந்தேன். என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் பதில் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிடும். அடிதடி நடக்கப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், இரண்டு தரப்புக்கும் நடுவில் வெறுங்கையோடு நிற்கிற வேலை. ஆண்கள் நடுவில் நின்றால் மூன்றாவது தரப்பு என்று நினைத்து அடிப்பார்கள். நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள் நின்றால் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் எங்கள் அணியே இருந்தது.

அணியைத் தொடங்கி நடத்தியவர் நாகேஸ்வரி. அரசாங்க மருத்துவமனையில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுவோம்; அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, இடது மார்பில் ஊசியால் குத்திய தலைகீழ்க் கடிகாரம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கடிகாரத்தை அவர் கழற்றவில்லை. எதற்கென்று சொல்கிறேன்.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிள்ளான் ரயில் நிலைய வாசலில் இரண்டு டாக்சிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வழியை வேறு அடைத்துக்கொண்டார்கள். இருவரையும் அவர்கள் பரம்பரையோடு சேர்த்து ஏசினேன். இருவரும் சட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நின்றார்கள். அங்கே மார்பில் தலைகீழ்க் கடிகாரத்தோடு ஓரமாக நின்று பார்த்த ஓர் அம்மா என்னிடம் வந்து, "உங்கட குரல் நல்ல குரல். சொல்லுகள்தான் சரியில்ல. என்னட்ட வேலைக்கு வாறீங்களோ?" என்றார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. அதற்கும் ஒருவர் வேலை கொடுக்கிறாரே என்று போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பயிற்சி இரண்டு மாதம். வரிசையில் நின்றால் கையை நீட்டினால் பக்கத்தில் இருப்பவள் தோள் படவேண்டும். அதற்கு மேல் இடைவெளி கூடாது, அதற்குக் கீழும் கூடாது. கைப்பை கூடாது, குடை கூடாது. சிலிப்பர் போட்டு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காலில் கட்டும் செருப்புதான். பாலாய் என்கிற போலீஸ் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிய பிறகே எங்கும் நிற்போம். முந்தின நாள் இரண்டு தரப்பு வீட்டுக்கும் போகவேண்டும். ஒரு வீட்டில் மைலோ குடித்தால் மற்ற வீட்டிலும் மைலோதான். அங்கே பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது, நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக்கூடாது. இதெல்லாம் சில்லறை. பாடத்தின் முக்கால் பங்கு, கோபத்தில் வருகிறவனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான். பெயரைக் கேள், சாப்பிட்டாயா என்று கேள், தாழ்ந்த குரலில் பேசு, பேச்சு கொடுத்துக்கொண்டே இரு. பேசுகிறவன் கை ஓங்கமாட்டான் என்பது மிஸ்ஸியின் சித்தாந்தம்.

வரிசையில் நிற்கும் முன் ஒவ்வொருத்தியின் மணிக்கட்டையும் பிடித்து, அந்தத் தலைகீழ்க் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுவார். நூற்றைத் தாண்டினால் அன்றைக்கு வரிசை கிடையாது. "நீர் போய்த் தேத்தண்ணி போடும்," என்பார். கெஞ்சினாலும் நடக்காது. பயத்தை மறைத்துக்கொள்ளலாம், நாடியை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் கிள்ளான் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் ரவி என்று ஒருவனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். இரண்டு குழுக்களுக்குள் பகை. அடுத்த நாள் பிற்பகல் இறுதி ஊர்வலம். வெட்டிய தரப்பு உட்காரும் கடைவரிசை, ஊர்வலப் பாதையிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் நூறு அடியில் இருந்தது. சவ வண்டி நேராகப் போகும், மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கம் திரும்பும் என்று தாமான் முழுக்கப் பேச்சு.

மிஸ்ஸி என்னை ரவியின் வீட்டுக்கு அனுப்பினார். அவன் அம்மா லெட்சுமி பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவர். கணவர் இல்லை. இரண்டே பிள்ளைகள். சின்னவன் குமரேசன், இருபத்திரண்டு வயது, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். லெட்சுமி எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஒருத்தன நாளைக்கி எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா. இன்னொருத்தன வீட்டுக்குக் கொண்டாந்து விட்ருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"கொண்டாந்து விடறேன்," என்று சொல்லிவிட்டேன். வாக்கு கொடுக்கக்கூடாது என்று பத்து முறை எழுதி வாங்கியிருந்தார் மிஸ்ஸி. வாய் முந்திக்கொண்டது. எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

மறுநாள் பத்தொன்பது பெண்கள். பாதிப் பேர் அன்றுதான் முதல்முறை நிற்கிறவர்கள், எல்லாரும் கிள்ளான்காரர்கள். இடப்பக்கச் சாலையின் வாயை அடைத்து நிற்பதாகத் திட்டம். மிஸ்ஸி கடைவரிசைக்குப் போய் அந்தத் தரப்பு ஆட்களை வெளியே வராமல் பார்த்துவிட்டு எங்களோடு வந்து சேர்வதாக ஏற்பாடு. இரண்டரை மணிக்கு என் கைப்பேசி அடித்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்களோடு இருக்கும்போது மிஸ்ஸி கூடியவரை எங்கள் தமிழில்தான் பேசுவார். அவசரம் வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"அமுதா, இங்க ஆக்கள் கூடீட்டினம். நான் இவடத்த விட்டு வரேலாது. அங்க நீர்தான் பொறுப்பு. எல்லாருக்கும் வடிவாச் சொல்லும். அவங்கள் என்ன சொன்னாலும் பேசக்கூடாது. முக்கியமா நீர் பேசக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது மிஸ்ஸி."

வைத்துவிட்டார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் பேசு பேசு என்று சொல்லிக்கொடுத்தவர், ஊர்வலம் கிளம்புகிற நேரத்தில் பேசாதே என்கிறார். ஆனால் மிஸ்ஸி சொன்னால் சொன்னதுதான், மறுகேள்வி கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. வரிசைக்குப் போய்ச் சொன்னேன்.

"மிஸ்ஸி போன் பண்ணாங்க. யாரும் பேசக்கூடாது. ஒரு வார்த்தை கூட."

அந்த 'ஒரு வார்த்தை கூட' என் சொந்தச் சரக்கு.

"அப்ப பேரு கேக்கறது, சாப்டியான்னு கேக்கறது?" என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் இன்னிக்கிக் கெடையாது. வாய மூடிட்டு நில்லு."

பிறகு உறுமி மேளச் சத்தம் கேட்டது. எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனைவரை அழுதுகொண்டு வந்து திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான். நாங்கள் நின்றது அந்த முனைக்கும் அப்பால். சவ வண்டி முனையைத் தாண்டி மெதுவாக வந்தது. பின்னால் முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள். வண்டி நேராகப் போகத் தொடங்கியதும் அவை அத்தனையும் இடப்பக்கம் திரும்பின. முதல் வண்டியில் குமரேசன். முன்கூடையில் பழைய பேப்பரில் சுற்றிய நீளமான ஒன்று. பாராங் கத்திதான், பேப்பர் எதையும் மறைக்கவில்லை.

எங்கள் காலுக்கு மூன்றடியில் நிறுத்தினான். "வழி விடுங்க."

நாங்கள் நின்றோம். பின்னால் இருந்தவர்கள் எஞ்சினை முறுக்கினார்கள். என் பக்கத்தில் இருந்தவளின் தோள் என் விரலுக்குக் கீழே துடித்தது.

"ஆன்டி, உங்களத்தான். நேத்து வந்து மைலோ குடிச்சீங்கல்ல? அம்மாகிட்ட என்னமோ சொன்னீங்கல்ல? இப்ப சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை எழுதமுடியாது. என்னைச் சொன்னான், என் அம்மாவைச் சொன்னான், புருஷன் இல்லாதவளுக்கு ரோட்டில் என்ன வேலை என்றான். என் வாயில் ஏழெட்டு பதில்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றும் அருமையான பதில். அதில் எதைச் சொல்லியிருந்தாலும் அவன் அதைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிருப்பான். விழுங்கினேன்.

"பேசுங்க ஆன்டி. எதாச்சும் பேசுங்க." பத்தொன்பது பேரையும் ஒருத்தி விடாமல் பார்த்தான். "ஏன் எல்லாரும் ஊமையா நிக்கிறீங்க? பேசுங்க."

அப்போது நான் எதிர்பார்க்காதது நடந்தது. நாங்கள் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்று கேட்பதற்காகப் பின்னால் இருந்த ஒருவன் எஞ்சினை அணைத்தான். அடுத்தவன் அணைத்தான். ஒவ்வொன்றாக அத்தனை வண்டியும் அணைந்தன. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாலையில் லோரிச் சத்தம் இல்லாத நேரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அமைதியில் வெறுங்காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. லெட்சுமி. தெருமுனையில் திரும்பியிருக்கவேண்டியவர், தலைமுடி அவிழ்ந்து, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நுழைந்து வந்தார். எங்களைப் பார்த்தார். எனக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் நடுவே புகுந்து, நாங்கள் நின்ற மாதிரியே திரும்பி நின்று, என் தோளில் கையை வைத்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவரும் பேசவில்லை.

"அம்மா, நீ வரக்கூடாதும்மா. பொம்பளைங்க இங்க வரக்கூடாது." அவன் குரல் உடைந்துவிட்டது. "பேசும்மா."

முன்னால் சவ வண்டியும் நின்றுவிட்டிருந்தது. அதிலிருந்து அவன் மாமா கூப்பிட்டார். எஞ்சின் ஓடியிருந்தால் அந்தக் குரல் யாருக்கும் கேட்டிருக்காது.

"குமரேசா, கொள்ளி வைக்க நீதான்டா இருக்க. அண்ணன் காத்துக்கிட்டு இருக்கான், வா."

லெட்சுமி என் தோளிலிருந்து கையை எடுத்து மகன் முன்னால் நீட்டினார். கடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் பையை வாங்க நீட்டுவது மாதிரி. அவன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தான். பிறகு கூடையில் இருந்ததை எடுத்து அதில் வைத்துவிட்டு, சவ வண்டிக்கு நடந்துபோய் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வண்டிக்குப் பின்னால் போயின.

மேளச் சத்தம் தூரத்தில் தேய்ந்த பிறகு மிஸ்ஸி ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் சேலை கசங்கி அன்றுதான் பார்த்தேன்.

"என்ன கதைச்சனீர்? அவனிட்ட என்ன கதைச்சனீர்?"

"ஒண்ணும் பேசல மிஸ்ஸி. நீங்கதான பேசக்கூடாதுன்னு சொன்னீங்க."

"ஒண்டுமே கதைக்கேல்லையோ?"

"ஒரு வார்த்தை பேசல. யாருமே பேசல."

என்னைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "நான் பேசக்கூடாது எண்டு சொன்னது," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "எங்கட வீட்டில பேசுறதெண்டா ஏசுறது. அவங்கள ஏசக்கூடாது எண்டுதான் நான் சொன்னனான். கதைக்கவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?"

நான் அப்படியே சாலையோரம் உட்கார்ந்தேன். மிஸ்ஸியும் கஞ்சி போட்ட சேலையோடு என் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

"நூற்றிப் பதினெட்டு," என்றார். "இந்த நாடிக்கு உம்மை நான் தேத்தண்ணி போடத்தான் அனுப்பியிருப்பன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, பிறகும் நான் கேட்கவில்லை. சாயங்காலம் குமரேசனை அவன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். வாக்கு கொடுத்ததையும் மிஸ்ஸியிடம் ஒப்புக்கொண்டேன். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவர் வீட்டுத் தமிழில் பேசினார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் மிஸ்ஸி கரும்பலகையில் எழுதினார்: வரிசையில் நிற்கும்போது வாய் திறக்கக்கூடாது. முந்தின நாள் வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஒரு தப்பை ஒத்துக்கொண்டு அதையே சட்டமாக்கத் தெரிந்த ஒரு மேலதிகாரியை என் வாழ்க்கையில் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

எல்லா இடத்திலும் ஜெயித்தோம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சுங்கை பூலோவில் ஒரு சொத்துத் தகராறில் எங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்க வழியாகப் போய் அடித்தார்கள். ஒருவருக்குக் கண் போனது. அதன்பின் பின்வாசலைப் பார்க்காமல் நான் எங்கும் நின்றதில்லை. ஆனால் செராஸில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். அடுக்குமாடியில் கார் நிறுத்தும் சண்டை, நாலே நாளில் இனச் சண்டை பேச்சாக மாறிவிட்டது. நாங்கள் ஆறு பேர்தான் போயிருந்தோம். கீழ்த்தள மலாய்க்கார அக்கா ஒருவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். 'டியாம்' என்றேன், சும்மா இருக்கவேண்டும், அவ்வளவுதான். தலையாட்டிவிட்டு வந்து நின்றார். அதைப் பார்த்து ஒரு சீன ஆன்டி, கையில் கீரைக் கட்டோடு. அரை மணி நேரத்தில் நாற்பது பெண்கள். பேசியிருந்தால் எந்த மொழியில் பேசுவது என்பதிலேயே அடுத்த சண்டை வந்திருக்கும். பேசாமல் நிற்பதற்கு எல்லாருக்கும் ஒரே மொழிதான். இரண்டு பக்கத்து ஆண்களும் வீட்டில் சோறு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டு ஏறிப்போய்விட்டார்கள். இன்று எங்கள் வரிசையில் மூன்று இனத்துப் பெண்களும் நிற்கிறார்கள் என்றால் காரணம் அந்த நாள்தான்.

இனி மேடைக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து, கைநூல் வெளியீடு முடிந்து, சால்வையும் போட்டாயிற்று. முன்வரிசையில் மிஸ்ஸி சக்கர நாற்காலியில் இருந்தார். கடிகாரம் இன்னும் மார்பில்தான். அவருக்கு ஒரு பக்கத்தில் நான், மறு பக்கத்தில் லெட்சுமி. பதினைந்து வருஷமாகக் கிள்ளான் வரிசைக்கு அவர்தான் தலைவி. முதல் நாள் என் தோளில் கை வைத்த இடத்திலிருந்து அவர் திரும்பிப் போகவே இல்லை. நான் துர்காவுக்குக் கொடுத்த வாக்கின்படி நன்றி சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன்.

அப்போது பின்கதவு திறந்து, ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் அவசரமாக வந்தார். நரை விழுந்த தலை, லேசான தொந்தி. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர், ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றாமல் அப்படியே வந்திருந்தார். கூட மனைவி, இரண்டு மகள்கள். நேராக என்னிடம் வந்து காலைத் தொடப்போனவரைப் பிடித்து நிறுத்தினேன். குமரேசன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்காச்சும் பேசுங்க ஆன்டி."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. எனக்கும் லெட்சுமிக்கும் மிஸ்ஸிக்கும் புரிந்தது. இருபத்தாறு வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு அந்த நேரம் கண்ணீர்தான் வந்தது. மிஸ்ஸி கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். தலைகீழ்க் கடிகாரத்தைப் பார்த்து நிதானமாக எண்ணினார்.

"தொண்ணூற்றி ஆறு," என்றார். "நிக்கலாம். போய்க் கதையும்."

எழுந்து மைக்கைப் பிடித்தேன். துர்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். எழுதி வைத்த இரண்டு வரியை மடித்து வைத்துவிட்டு, அன்று அந்தச் சாலையில் விழுங்கிய ஏழெட்டு பதில்களையும் சேர்த்து, ஒரு மணி நேரம் பேசினேன்.